தூங்கும் குழந்தைக்கு விழித்திருக்கும் ஆள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூரையும் ராஜகீழ்ப்பாக்கத்தையும் தாண்டினால் செம்பாக்கம். ஏரிக்கரை ஊராக இருந்து நகராட்சியாக வளர்ந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இன்று இதன் குறுக்குத் தெருக்களில் நடந்தால் வீடுகளின் தரைத்தளங்களில் ‘ப்ளே ஸ்கூல், டே கேர்’ என்னும் பலகைகள் தென்படும். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்துக்கும், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் பக்கத்து அலுவலகங்களுக்கும் செல்லும் தாய்மார்கள் காலையில் இங்கே குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார்கள். அவர்களில் ஆசிரியைகளும் உண்டு.

ஒப்படைக்கும்போது கட்டணம் எவ்வளவு, பால் காய்ச்சித் தருவார்களா, கேமரா இருக்கிறதா, மாலை எத்தனை மணி வரை வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். குழந்தையை எங்கே, எப்படித் தூங்க வைப்பீர்கள் என்று கேட்பவர் குறைவு. “நல்லா தூங்கிட்டாங்க, ஒரு தொந்தரவும் இல்ல” என்று மாலையில் ஆயா சொன்னால் நமக்கும் மனம் குளிர்ந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்க வேண்டும் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

இது பள்ளி ஆசிரியருக்கு எதற்கு என்று தோன்றலாம். 1986 தேசியக் கல்விக் கொள்கை பகல்நேரக் காப்பகங்களைத் தொடக்கக் கல்வியைப் பரவலாக்கும் துணைச் சேவையாகவே பார்த்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பெண்குழந்தை பள்ளிக்கு வரவேண்டுமானால், அந்தக் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. வருகைப் பதிவேட்டில் மாதம் நான்கைந்து நாள் விடுபடும் மாணவியின் வீட்டு நிலையை விசாரித்த எந்த ஆசிரியருக்கும் இது புதிய செய்தியன்று. அதோடு, 2019 ஜனவரி முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. மதிய உணவுக்குப் பின் பாயில் படுத்துறங்கும் மழலைகள் இப்போது நம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

எவ்வளவு தூக்கம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிறந்து மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஒன்று முதல் இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். பகல் தூக்கமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆறு மாதக் குழந்தை பகலில் இரண்டு மூன்று முறை தூங்கும். ஒன்றேகால், ஒன்றரை வயதில் அது மதியத்தில் ஒரே தூக்கமாகச் சுருங்கும். ஆகவே காப்பகத்தில் எல்லாக் குழந்தைகளையும் ஒரே மணிக்குப் படுக்கவைத்து ஒரே மணிக்கு எழுப்புவது நிர்வாகத்துக்கு வசதியே தவிரக் குழந்தைக்கு அல்ல. கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, விளையாட்டுப் பொருளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை தூக்கம் வருவதன் அறிகுறிகள். வீறிட்டு அழும் கட்டம் வரை விட்டுவிட்டால் உறங்க வைப்பது கடினம்.

கைக்குழந்தையின் தூக்கச் சுற்று பெரியவர்களுடையதைவிடக் குறுகியது, ஏறத்தாழ ஐம்பது நிமிடம். ஒரு சுற்று முடியும்போது குழந்தை நெளியும், முனகும், சில சமயம் கண்ணைக்கூடத் திறக்கும். உடனே தூக்கிவிடாமல் ஓரிரு நிமிடம் பொறுத்தால் பல குழந்தைகள் தாமே அடுத்த சுற்றுக்குள் போய்விடுகின்றன. அனுபவமுள்ள ஆயாக்களுக்கு இது தெரியும். புதியவர்கள் முனகல் கேட்டதும் தட்டித் தட்டியே குழந்தையை முழுதாக எழுப்பிவிடுவார்கள்.

மல்லாந்து படுப்பது

ஒரு வயது நிறையும் வரை, ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகலானாலும் இரவானாலும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குப்புறவும் கூடாது, ஒருக்களித்தும் கூடாது. குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு எளிய செயல் இவ்வளவு உயிர்களைக் காத்த எடுத்துக்காட்டு குறைவு. நலமாக இருந்த குழந்தை காரணம் புலப்படாமல் தூக்கத்திலேயே இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாக மருத்துவர்களே குப்புறப் படுக்க வைக்கச் சொல்லிவந்தார்கள். ஆய்வுகள் அதன் ஆபத்தைக் காட்டியபின் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்னும் இயக்கம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

குப்புறப் படுத்த குழந்தையின் மூக்கும் வாயும் துணியை ஒட்டியிருப்பதால், அது தான் வெளிவிட்ட காற்றையே மறுபடி சுவாசிக்கிறது. உடல் வெப்பம் வெளியேறுவதும் குறைகிறது. தூக்கமும் ஆழமாகிவிடுவதால், மூச்சு திணறும்போது விழித்து முகத்தைத் திருப்பும் இயல்பு மங்கிவிடுகிறது. இரண்டு முதல் நான்கு மாதம் வரையே ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் வெகுவாகக் குறைகிறது, ஆனால் அற்றுப்போவதில்லை.

இங்கே காப்பகத்துக்கு உரிய ஒரு செய்தி உண்டு. ரேச்சல் மூன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், திடீர் சிசு மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று குழந்தை பெற்றோரிடம் இல்லாமல் பிறர் பராமரிப்பில் இருந்தபோது நேர்ந்தது தெரியவந்தது. அவற்றில் கணிசமானவை காப்பகத்தில் சேர்த்த முதல் வாரத்தில், சில முதல் நாளிலேயே நேர்ந்தவை. வீட்டில் மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையை, அழுகையை அடக்குவதற்காகக் காப்பகத்தில் குப்புறப் போட்டுத் தட்டித் தூங்க வைத்ததும் ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது. பழக்கமில்லாத குழந்தைக்குக் குப்புறத் தூக்கம் பல மடங்கு கூடுதல் ஆபத்தானது என்று நியூசிலாந்து ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். காப்பகத்தில் சேர்க்கும் முதல் நாள் நாம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி எது என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்வார்கள். முதலாவது, “மல்லாக்கப் போட்டா கக்கின பால் மூச்சுல போயிடும்” என்பது. அஞ்சுவது இயல்பே. ஆனால் உடலமைப்பு நேர்மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்குக் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் மூச்சுக்குழல் கீழே வந்துவிடுகிறது. விழுங்கவும் இருமவும் உள்ள இயல்பூக்கமும் குழந்தையைக் காக்கிறது. பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்து படுக்கவைத்தால் போதும். இரண்டாவது மறுப்பு, தலை தட்டையாகிவிடும் என்பது. அதற்கு மருந்து விழித்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாயில் குப்புறப் போட்டு விளையாட விட்டால் தலையும் உருண்டையாகும், கழுத்தும் தோளும் வலுப்படும். குழந்தை குப்புற விழுவதைக் கொண்டாடும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மல்லாக்கப் படுக்கவைத்த குழந்தை தானே இருபுறமும் புரளக் கற்றுவிட்டால், தூக்கத்தில் புரண்டு குப்புறப் போனாலும் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் மல்லாக்கப் படுக்க வைத்தால் சரி. ஆனால் சுற்றிலும் மெத்தென்ற பொருள் எதுவும் இருக்கக் கூடாது.

பாயும் தூளியும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் புதுப்பித்த பரிந்துரைகள் கெட்டியான, சமதளமான, சரிவில்லாத படுக்கையையும், அதன்மேல் இறுக விரித்த துணியையும் கேட்கின்றன. தலையணை, கரடி பொம்மை, கனத்த போர்வை, மெத்தென்ற தடுப்பு எதுவும் கூடாது. இதைப் படிக்கும்போது நம் கோரைப்பாயும் அதன்மேல் விரித்த பழைய பருத்திப் புடவையும்தான் நினைவுக்கு வருகின்றன. விலையுயர்ந்த நுரை மெத்தையைவிட, தரையில் விரித்த கோரைப்பாய் கைக்குழந்தைக்கு ஏற்றது. விழ உயரமில்லை, முகம் புதையவும் வழியில்லை. வண்ண வண்ணத் தலையணைகளோடு படம் எடுத்துச் சுவரொட்டியில் போடும் காப்பகங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது தோன்றுகிறது. இலவம்பஞ்சு மெத்தையும், தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் ஒரு வயது வரை வேண்டாம்.

தரையில் படுக்க வைப்பதற்கென்று சில கவனங்கள் உண்டு. படுக்கும் மூலை நடமாட்ட வழியில் இருக்கக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைகள் தடுக்கி மேலே விழாதபடி தாழ்ந்த தடுப்பு வேண்டும். எறும்புப் புற்று, சுவர் இடுக்கு, கரப்பான் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தை மூன்றடி இடைவெளி விட்டு, ஒன்றின் தலையும் அடுத்ததன் காலும் ஒரே பக்கம் வருமாறு படுக்க வைத்தால், ஒருவர் இருமல் மற்றவர் முகத்தில் படாது. பெயர் தைத்த விரிப்பு ஆளுக்கொன்று இருக்க வேண்டும். சளியும், கை கால் வாய் நோயும் ஒரு காப்பகத்தில் எப்படிப் பரவுகின்றன என்பதை வகுப்பறையில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

இனி தூளி. தமிழ் வீட்டில் பிறந்த பெரும்பாலோர் அதில் உறங்கி வளர்ந்தவர்கள். விட்டத்துக் கொக்கியில் கட்டிய அம்மாவின் புடவை, அதன் வாசனை, சீரான ஆட்டம் ஆகியவை குழந்தையை அமைதிப்படுத்துகின்றன என்பதில் ஐயமில்லை. வயலோரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டு நாற்று நட்ட பெண்களுக்கு அதுவே காப்பகமாகவும் இருந்தது. தூளியை முற்றாகக் கைவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் காப்பகத்தில், பல குழந்தைகளுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கும் இடத்தில், தூளியை உறங்கும் இடமாக வைக்கக் கூடாது என்பதே என் முடிவான கருத்து.

காரணங்கள் இரண்டு. தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்துகிறது. கழுத்து நிற்காத மாதங்களில் இது மூச்சுவழியை நெருக்கும். துணியின் இரு பக்கமும் முகத்தின்மேல் கூடிவிடுவதால் குழந்தையின் நிறமாற்றமோ மூச்சோ வெளியே தெரியாது. குழந்தை உட்காரவும் புரளவும் தொடங்கியபின் விழும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. மின்மோட்டார் பொருத்திய தொட்டில்கள் ஆட்டும் வேலையை எடுத்துக்கொண்டாலும், பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது காரணம் நம் மாணவர்களைப் பற்றியது, இதுவே நம்மை நேரடியாகத் தொடுவது. தூளியால் நேரும் மரணங்களில் பலியாவது கைக்குழந்தை மட்டுமல்ல. ஏழு வயது முதல் பன்னிரண்டு பதின்மூன்று வயது வரையுள்ள பள்ளிக் குழந்தைகள் தூளியில் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றி விளையாடும்போது புடவை கழுத்தை இறுக்கி இறந்த செய்திகளை நம் மாவட்டச் செய்திப் பக்கங்களில் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் விடுமுறை நாட்களில், தம்பிக்குக் கட்டிய தூளி அக்காவுக்கு ஊஞ்சலாகிவிடுகிறது. முறுக்கிய புடவை தானாகத் தளராது. கழுத்து இறுகினால் கத்தவும் முடியாது, நினைவு தப்புவதற்குச் சில நொடிகள் போதும். குழந்தையைத் தூக்கியதும் தூளியை மேலே சுருட்டிக் கட்டிவிடும் பழக்கம் இருந்தால் இவற்றில் பல நிகழ்ந்திருக்காது.

கழுத்தில், காற்றில், மருந்தில்

தூங்கும் குழந்தையின் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. தாயத்துக் கயிறு, மெல்லிய தங்கச் சங்கிலி, கருப்புமணி, பால்புட்டி மூடியைக் கோத்த நாடா எல்லாம் இதில் அடங்கும். நம்பிக்கையைப் புண்படுத்தாமல் இதைச் சொல்ல வழி இருக்கிறது. தாயத்தை இடுப்பு அரைஞாணில் கோத்துக் குட்டையாக இறுக்கிவிடச் சொன்னால் பாட்டிமார்கள் ஒப்புக்கொள்கிறார்கள். வசம்பு கோத்த கைவளையலைக் குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும். கயிறு இற்றுப்போனால் துண்டு தொண்டையில் அடைக்கும் என்பதையும் சொல்லலாம். சன்னல் திரைக் கயிறு, மின்விசிறி ஒயர், கொசுவலை நாடா எதுவும் படுக்கையிலிருந்து கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டாம்.

கத்திரி வெயிலில் செம்பாக்கத்துத் தரைத்தள அறைக்கும் மாடி அறைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்ததே. தகரக் கூரையின் கீழோ, மொட்டைமாடி நேர்கீழ் அறையிலோ மதியத்தில் குழந்தைகளைப் படுக்க வைப்பதைப் பெற்றோர் ஏற்கக் கூடாது. அளவுக்கு மீறிய வெப்பம் திடீர் சிசு மரணத்தின் ஆபத்தையும் கூட்டுகிறது. வீட்டுக்குள் குல்லாவும் காலுறையும் தேவையில்லை, ஓர் அடுக்குப் பருத்திச் சட்டை போதும். குழந்தையின் கையையோ காலையோ தொட்டு வெப்பம் பார்க்காமல் பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் புழுக்கம் என்று பொருள். மின்விசிறி காற்று குழந்தைக்கு ஆகாது என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, விசிறி ஓடிய அறைகளில் திடீர் சிசு மரணம் குறைவாக இருந்ததாகக் காட்டியது. ஒரே ஓர் ஆய்வை வைத்து விதி செய்ய இயலாது என்றாலும், காற்றோட்டம் கெடுதல் அல்ல என்பதற்கு அது போதும். முகத்தில் நேராக அடிக்காதபடி விசிறியைத் திருப்பி வைத்தால் சரி. மின்தடை வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்பதும் வீண்கேள்வி ஆகாது.

ஏரியை ஒட்டிய ஊர்களில் கொசு பெருங்கவலை. கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் மூடிய அறையில் வைத்துக் குழந்தைகளை உறங்க விடுவது கொசுவைவிடத் தீங்கானது. சன்னலுக்கு வலை அடிப்பதும், படுக்கைக்கு விறைப்பான குடைவலை வைப்பதும் போதும். குடைவலை முகத்தின்மேல் சரியாமல் நிற்க வேண்டும். மற்றொன்று அந்துருண்டை. பீரோவில் அந்துருண்டையோடு வைத்த பழைய துணியை உதறி அப்படியே குழந்தைக்கு விரிப்பதும் போர்த்துவதும் நம்மிடையே உள்ள வழக்கம். பிறப்பிலேயே ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் நெடி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலை, இரத்தசோகை வரை கொண்டுபோகும். துவைத்து வெயிலில் காயவைத்த துணியை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

தூங்க வைக்க மருந்து தருவது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சளி மருந்து குடித்த குழந்தை அசந்து தூங்கும் என்பது பலருக்குத் தெரியும். அதனாலேயே அது தவறாகப் பயன்படுகிறது. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. மருத்துவர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் காப்பகத்தில் எந்த மருந்தும் குழந்தை வாய்க்குப் போகக் கூடாது. வழக்கத்துக்கு மாறாக எழுப்பினாலும் எழாமல் தூங்கும் குழந்தையைப் பார்த்தால் கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

மேற்கண்ட அனைத்தையும் செய்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டுப் பணியாளர் சாப்பிடப் போனால் பயனில்லை. காப்பகத்தின் நாளில் மிகவும் கவனிக்கப்படாத நேரம் மதியம் ஒன்றரை மணி. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், சமையல் முடிந்தது, காலை ஏழு மணி முதல் நின்ற கால்கள் வலிக்கின்றன. ஆயாவும் மனிதர்தான், அவருக்கும் கண் சொக்கும். இதற்காக ஆயாவைக் குறைசொல்ல முடியாது. இருவர் மாறி மாறிச் சாப்பிட்டு மாறி மாறி விழித்திருக்கும்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. ஒரே பணியாளரை வைத்து நடத்தும் இடத்தில் எந்த நல்ல மனமும் இதை ஈடுசெய்யாது.

பேறுகால உதவிச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் விதி வந்தது. அதையொட்டி 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல்கள், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்றும், மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பேருக்கு ஒருவர் என்றும் கணக்கிடுகின்றன. பத்துக் கைக்குழந்தைகளை ஒருவர் பார்ப்பது என்பதே கடினம் என்பது என் கருத்து. அது மேல்வரம்பு என்று கொள்ள வேண்டும், இலக்கு என்று அல்ல.

விழித்திருப்பவரின் வேலை என்ன? தூங்கும் குழந்தைகளைப் பார்க்கவும் கேட்கவும் கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அருகே சென்று நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதட்டின் நிறம் இயல்பாக உள்ளதா, முகத்தில் துணி விழுந்திருக்கிறதா, பிடரி வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது. உதட்டின் நிறம் தெரிய வெளிச்சம் வேண்டும், அதனால் அறையை இருட்டாக்கக் கூடாது. படுத்த நேரம், எழுந்த நேரம், எப்படிப் படுக்க வைத்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி மாலையில் தாயிடம் காட்டலாம். கேமரா நல்லதே. ஆனால் அது நடந்ததைக் காட்டும், நடப்பதைத் தடுக்காது. அழைத்தும் உள்ளங்காலைத் தட்டியும் அசையாத குழந்தைக்கு முதல் நிமிடத்தில் என்ன செய்வது, 108-ஐ யார் அழைப்பது, மார்பு அழுத்தம் தருவது எப்படி என்பதைப் பணியாளர்கள் பயிற்சியாகவே கற்றிருக்க வேண்டும்.

இத்தகைய பராமரிப்பு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1969-இல் தில்லியில் கட்டுமான இடம் ஒன்றில் மண்ணிலும் வெயிலிலும் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் தொடங்கியதுதான் ‘மொபைல் கிரஷஸ்’ அமைப்பு. மினா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-இல் தந்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு, அதாவது நம் அங்கன்வாடிகளுக்கு, வித்திட்டவற்றுள் ஒன்று. ஆனால் அங்கன்வாடியின் நேரம் வேலைக்குப் போகும் தாயின் நேரத்தோடு பொருந்துவதில்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு. அதை ஈடுசெய்யவே ‘மிஷன் சக்தி’யின் கீழ் 2022-இல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்கள் அறிவிக்கப்பட்டன. பால்னா என்றால் இந்தியில் தொட்டில்.

ஆசிரியர் எங்கே நிற்கிறார்

தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். ஆகவே அரசுப் பள்ளி ஆசிரியை திரும்பும்போது குழந்தை ஓராண்டை நெருங்கியிருக்கும். தனியார் பள்ளி ஆசிரியைகள் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கழுத்து நின்றதும் நிற்காததுமான குழந்தையை விட்டுவிட்டு வருபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தலைமையாசிரியர்கள் இதை நினைவில் கொண்டு, அவர்களின் முதல் வாரத்தில் மதிய இடைவேளையைச் சற்று நீட்டியோ கடைசிப் பாடவேளையை மாற்றியோ தரலாம்.

பணிக்குத் திரும்பும் நாளிலேயே குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் நாள் தாயும் உடனிருந்து ஒரு மணி நேரம். மறுநாள் தாய் அறைக்கு வெளியே. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குழந்தை அங்கே ஒருமுறை தூங்கட்டும், தாய் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். வீட்டில் எப்படித் தூங்குகிறது, எந்தப் பாட்டுக்கு அடங்கும், கட்டைவிரல் சப்புமா என்பதை எழுதிக் கொடுங்கள். வீட்டில் தூளியிலேயே தூங்கிப் பழகிய குழந்தையை, சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பகலில் பாயில் தூங்கப் பழக்குங்கள். இல்லையேல் முதல் நாள் அழுகையைத் தாங்காமல் ஆயா ஏதாவதொரு வழியைக் கையாள வேண்டிவரும். அந்த வழி எது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

வளாகத்தில் அங்கன்வாடி உள்ள பள்ளிகளில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திடீர் சிசு மரணக் கவலை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வேறு. சாப்பிட்ட உடனே படுப்பதால் கன்னத்தில் அடக்கிய சோறோ முட்டைத் துண்டோ இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்த்து, கொப்பளிக்க வைத்துவிட்டுப் படுக்க வைக்க வேண்டும். கையிலுள்ள மணி, பொத்தான், சட்டைப்பையிலுள்ள கடலை ஆகியவற்றை வாங்கி வைக்க வேண்டும். மதிய இடைவேளையில் பெரிய மாணவர்களின் ஆரவாரம் அந்தச் சன்னலுக்குக் கீழே வேண்டாம். தூங்க விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கண்ணை மூட வைப்பதும் வேண்டாம். அது பாயில் படுத்தபடி ஒரு படப் புத்தகத்தைப் புரட்டட்டும்.

தூளி பற்றிய செய்தியை மாணவர்களிடம் கோடை விடுமுறைக்கு முந்திய வாரத்தில் கொண்டு சேர்ப்பது நல்லது. காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்துவிட்டால் காற்றோடு போய்விடும். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு பாடவேளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு துண்டை இரு முனையும் பிடித்து மாணவரிடம் முறுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு மண் உருண்டையை வைத்து முறுக்கினால் அது நசுங்கும். எந்தக் குழந்தையின் கழுத்திலும் கையிலும் இதைச் செய்து காட்டக் கூடாது. பிறகு வீட்டில் தூளி இருக்கிறதா, எங்கே கட்டியிருக்கிறது, குழந்தை தூங்காத நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். மறுநாள் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த வீடுகளுக்கு அன்று மாலையே ஒரு தொலைபேசி அழைப்பு செய்துவிடலாம்.